தோட்ட வேலை என்னும் விடை: கல்நார்ப் புற்றுநோயின் சிகிச்சை வரலாறும் வட சிலாங்கூர்த் தமிழரின் பணிவரலாறும்

முன்னுரை

மருத்துவமனையில் முதியவர் ஒருவரிடம், "முன்பு என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று மருத்துவர் வினவும்போது, மலேசியத் தமிழரிடமிருந்து பெரும்பாலும் கிடைக்கும் விடை, "தோட்ட வேலை" என்பதாகும். இவ்விடை பொய்யன்று, ஆயின் முழுமையானதும் அன்று. பால்மரம் வெட்டியவர், களை எடுத்தவர், மருந்து தெளித்தவர், செம்பனை ஆலையின் கொதிகலனைக் காத்தவர், லாரிப் பட்டறையில் பணியாற்றியவர், லயங்களின் கூரையை மாற்றிய தச்சர் ஆகிய அனைவரும் இவ்விரு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றனர். பிற நோய்கள் பலவற்றில் இவ்வேறுபாடு பெரிதாகப் பொருட்படுத்தப்படாமல் போகலாம். கல்நாரால் விளையும் புற்றுநோயில் அவ்வாறு போக இயலாது.

ஆஸ்பெஸ்டாஸ் என்று மக்கள் வழக்கில் அறியப்படும் கல்நார், நுரையீரலைச் சூழ்ந்துள்ள மெல்லிய உறையிலும் வயிற்றறையின் உறையிலும் தோற்றுவிக்கும் புற்றுநோய் மீசோதெலியோமா எனப்படும். இந்நோய்க்கான சிகிச்சை முறைகள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் எவ்வாறு வளர்ந்தன என்பதையும், அச்சிகிச்சையின் வாயிலை எட்டுவதற்கு ஒருவரின் பணிவரலாறு எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களையும், தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் வாழும் புக்கிட் செந்தோசா போன்ற குடியிருப்புகளையும் நாம் ஆய்வுக்களமாகக் கொள்கிறோம். நாம் மருத்துவர் அல்லர். வரலாற்று மாணாக்கர் என்ற நிலையில் நின்றே இப்பொருளை அணுகுகிறோம்.

கல்நாரும் நோயும்

கல்நார் என்பது பாறையிலிருந்து எடுக்கப்படும் நார்வடிவக் கனிமம். தீப்பற்றாமை, வெப்பத்தைத் தாங்குதல், மலிவு ஆகிய பண்புகளால் இருபதாம் நூற்றாண்டின் தொழில்துறை இதனைப் பெரிதும் விரும்பியது. சிமெண்டோடு கலந்து கூரைத் தகடாகவும் நீர்க்குழாயாகவும் வார்க்கப்பட்டது. நீராவிக் குழாய்களின் மேல் சுற்றும் கயிறாகவும் பூச்சாகவும், வாகனங்களின் தடைப் பட்டையாகவும் பயன்பட்டது. வெள்ளை, நீலம், பழுப்பு என இதன் வகைகள் பல. வெள்ளைக் கல்நார் தீங்கற்றது என்ற வாதம் நெடுங்காலம் முன்வைக்கப்பட்டபோதிலும், எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவையே என உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை வகைப்படுத்தியுள்ளது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். முழுமையாக உள்ள கூரைத் தகட்டின் கீழ் வாழ்வதும், அத்தகட்டை அறுப்பதும் துளையிடுவதும் உடைப்பதும் ஒரே அளவான இடர் உடையவை அல்ல. நார் காற்றில் கலந்து மூச்சோடு உட்செல்லும்போதே தீங்கு தொடங்குகிறது. கண்ணுக்குப் புலப்படாத அந்நார் நுரையீரலை அடைந்து, அங்கிருந்து உறையையும் சென்றடைகிறது. பின்னர் நோய் வெளிப்படப் பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகலாம். இந்நீண்ட இடைவெளியே இந்நோயின் மருத்துவச் சிக்கலுக்கும் சமுதாயச் சிக்கலுக்கும் மூலமாகும்.

புகைபிடித்தலைப் பற்றியும் ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. கல்நாரால் சாதாரண நுரையீரற் புற்றுநோயும் வரும். புகைபிடிக்கும் பழக்கமும் சேரும்போது அவ்விடர் பன்மடங்கு பெருகும். ஆனால் மீசோதெலியோமாவுக்குப் புகையிலை காரணமன்று. ஆகவே, "புகைபிடித்ததால் வந்த நோய்" என்று குடும்பத்தாரே நோயாளியைக் குறைகூறி, பணியிடத்தைப் பற்றிய வினாவை எழுப்பாமல் விட்டுவிடும் நிலை தவிர்க்கப்பட வேண்டியதாகும்.

பணிவரலாற்றால் அறியப்பட்ட நோய்

இந்நோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பு முதன்முதலில் உறுதியாக நிறுவப்பட்ட வரலாறு நம் நோக்கிற்கு மிகவும் பயனுடையது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரக் காசநோய் மருத்துவமனையில், நுரையீரல் உறையில் நீர் கோத்த நோயாளிகள் சிலர் காசநோய் மருந்துகளால் குணமடையவில்லை. அவர்கள் பெரும்பாலும் நகருக்கு மேற்கே உள்ள பகுதியிலிருந்து வருபவர்கள் என்பதை ஸ்லெக்ஸ் என்ற மருத்துவர் உணர்ந்தார். நோய்க்கூற்று வல்லுநர் வாக்னர், அறுவை மருத்துவர் மார்ச்சண்ட் ஆகியோருடன் இணைந்து, நோயாளிகள் எங்கே பிறந்தனர், எங்கே வாழ்ந்தனர், என்ன பணி செய்தனர் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் உசாவப்பட்டது. அப்பகுதி நீலக் கல்நார்ச் சுரங்கங்கள் நிறைந்தது. 1960இல் மூவரும் வெளியிட்ட ஆய்வுரை 33 நோயாளிகளைப் பற்றியது. அவர்களுள் ஒருவர் நீங்கலாக ஏனையோர்க்குக் கல்நாரோடு தொடர்பிருந்திருக்கக்கூடும் எனத் தெரியவந்தது. அவர்களுட் பலர் சுரங்கத் தொழிலாளர் அல்லர். சுரங்கங்களின் அருகே சிறு வயதில் வாழ்ந்தவர்கள்.

1965இல் லண்டனில் நியூஹவுசும் தாம்சனும் 76 நோயாளிகளின் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்தனர். கல்நார்த் தொழிலில் ஈடுபடாத ஒன்பதின்மர், அத்தொழிலாளர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த உறவினர் என அறியப்பட்டது. கணவரின் வேலை உடையைத் துவைத்த மனைவியரும் இவர்களுள் அடங்குவர். எனவே, நோய் கண்டறியும் கருவிகள் இன்றுபோல் வளராத காலத்தில், "எங்கே வாழ்ந்தீர்கள், என்ன செய்தீர்கள், வீட்டில் யார் என்ன செய்தார்கள்" என்ற எளிய வினாக்களே இந்நோயின் காரணத்தை வெளிப்படுத்தின எனலாம். வாய்மொழி வரலாறு இங்கு மருத்துவ அறிவாக மாறியது.

சிகிச்சை முறைகளின் வளர்ச்சி

காரணம் அறியப்பட்ட பின்னரும் சிகிச்சை நெடுநாள் கைகூடவில்லை. தொடக்கத்தில் நம்பிக்கை அறுவை மருத்துவத்தின்மேல் இருந்தது. நோயுற்ற பக்கத்து நுரையீரலையும் அதன் உறையையும் உதரவிதானத்தின் பகுதியையும் ஒருசேர அகற்றும் பேரறுவையைப் பற்றி, 1976இல் இங்கிலாந்தைச் சார்ந்த புச்சார்ட்டும் குழுவினரும் எழுதினர். அறுவைக்கு உட்பட்ட 29 பேருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் அறுவையை ஒட்டியே இறந்தனர். பின்னர் அமெரிக்காவில் சுகர்பேக்கர் அறுவை, மருந்து, கதிர்வீச்சு ஆகிய மூன்றையும் இணைத்து, அறுவை இறப்பைப் பெரிதும் குறைத்தார். எனினும், தேர்ந்தெடுத்த நோயாளிகளின் முன்னேற்றம் அறுவையால் வந்ததா, தேர்வினால் வந்ததா என்ற ஐயம் நீங்கவில்லை.

அவ்வையத்தைத் தீர்க்கப் பிரிட்டனில் நடத்தப்பட்ட மார்ஸ் ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. 50 நோயாளிகளை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு அது. நுரையீரலை அகற்றியவர்களின் இடைநிலை வாழ்நாள் 14.4 மாதமாகவும், அகற்றாதவர்களுக்கு 19.5 மாதமாகவும் இருந்தது. நுரையீரலை விட்டுவைத்து உறையை மட்டும் உரித்தெடுக்கும் அறுவையே மேல் என்ற கருத்து இதன்பின் வலுப்பெற்றது. அதனையும் சோதித்த இரண்டாம் மார்ஸ் ஆய்வு 335 பேரைக் கொண்டது. 2024இல் வெளியான அதன் முடிவின்படி, மருந்தோடு அறுவையும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 19.3 மாதம், மருந்து மட்டும் பெற்றவர்களுடையது 24.8 மாதம். பெரிய அறுவை செய்துகொண்டால் பிழைக்கலாம் என்ற எண்ணத்தில் நிலத்தையும் நகையையும் விற்க முற்படும் குடும்பத்தார்க்கு இம்முடிவு தெரிந்திருத்தல் நலம். வயிற்றறை உறையில் தோன்றும் வகைக்கு மட்டும், கட்டிகளை அகற்றிய பின் சூடாக்கிய மருந்தை வயிற்றறைக்குள் சுழலவிடும் முறை தேர்ந்த மையங்களில், தகுதியுடைய நோயாளிகளுக்குச் செய்யப்படுகிறது.

மருந்துச் சிகிச்சையில் திருப்பத்தை ஏற்படுத்தியது 2003இல் வோகல்சாங் குழுவினர் வெளியிட்ட ஆய்வாகும். சிஸ்பிளாட்டினோடு பெமெட்ரெக்செட் என்னும் மருந்தைச் சேர்த்தபோது இடைநிலை வாழ்நாள் 9.3 மாதத்திலிருந்து 12.1 மாதமாக உயர்ந்தது. ஃபோலிக் அமிலமும் பி12 உயிர்ச்சத்தும் உடன் கொடுக்கப்பட்டபோது பக்கவிளைவுகள் தணிந்தன. 2004இல் அமெரிக்காவில் ஏற்பிசைவு பெற்ற இவ்விணைப்பு, உலகெங்கும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அடிப்படைச் சிகிச்சையாக விளங்கியது. 2016இல் பிரான்சு நாட்டு ஆய்வு இவ்விணைப்போடு பெவாசிசுமாப் என்ற மருந்தைச் சேர்த்து 16.1 மாதத்தை 18.8 மாதமாக்கியது.

அடுத்த கட்டம் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளாகும். நிவோலுமாப், இபிலிமுமாப் ஆகிய இரண்டும் சேர்ந்த சிகிச்சை 605 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2020 அக்டோபரில் அமெரிக்காவில் ஏற்பிசைவு பெற்றது. பழைய மருந்திணைப்பால் 14.1 மாதமாக இருந்த இடைநிலை வாழ்நாள் இதனால் 18.1 மாதமாயிற்று. குறிப்பாக, உயிரணு அமைப்பால் கடுமையானவை எனக் கருதப்படும் வகைகளில் 8.8 மாதம் 18.1 மாதமாக உயர்ந்தமை நோக்கற்பாலது. 2024 செப்டம்பரில், பெம்புரோலிசுமாப் என்னும் மருந்தைப் பழைய மருந்திணைப்போடு சேர்த்துத் தரும் முறையும் அங்கு ஏற்கப்பட்டது.

இவற்றோடு, துயர் தணிக்கும் சிகிச்சையையும் சிகிச்சை என்றே கொள்ளல் வேண்டும். உறையில் கோத்த நீரை வடித்தல், டால்க் தூளிட்டு மீண்டும் நீர் சேராமற் செய்தல், வீட்டிலேயே நீரை வடிப்பதற்கான மென்குழாயைப் பொருத்துதல், வலியுள்ள இடத்திற்குக் கதிர்வீச்சு, மார்பின் போன்ற மருந்துகளால் வலியையும் மூச்சுத்திணறலையும் தணித்தல் ஆகியன நோயாளியின் எஞ்சிய நாள்களைத் தாங்கத்தக்கனவாக்குகின்றன. "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்ற சொல் இந்நோயில் எந்நிலையிலும் உண்மையன்று.

மேற்கண்ட எண்கள் யாவும் மாதங்களே, ஆண்டுகள் அல்ல. அவை இடைநிலை அளவுகளாதலால், சிலர் அதனினும் நெடுநாள் வாழ்வர். சிலர் குறைந்த நாள் வாழ்வர். ஐம்பதாண்டு ஆய்வு ஈட்டித் தந்தது இவ்வளவே என்னும்போது, ஒவ்வொரு மாதமும் விலைமதிப்புடையதாகிறது. நோயைப் பிறிதொன்றாகக் கருதிக் கழியும் மாதங்களும் இக்கணக்கிற்குள்ளேயே அடங்கும்.

வட சிலாங்கூர்த் தோட்டங்களும் கல்நாரும்

மலேசியாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே என்பவரால் உருவாக்கப்பட்டது. தோட்டத்தின் பெயரே தமிழ்ச்சொல்லாக அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. இரப்பரே முதன்மைப் பயிராக விளங்கிய இவ்வட்டாரத்தில், 1960களுக்குப்பின் செம்பனை விரைந்து பரவியது. பயிர் மாறியபோது தொழிலாளியின் பணியும் மாறியது என்பதை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. செம்பனைக் குலையை நீராவியில் வேகவைத்தே எண்ணெய் எடுக்க வேண்டும். எனவே ஆலைகளில் கொதிகலனும் நீராவிக் குழாய்களும் இன்றியமையாதன. அக்காலத்தில் உலகெங்கும் இத்தகைய குழாய்களின் வெப்பக்காப்பாகக் கல்நாரே பெரிதும் பயன்பட்டது. குழாய் பழுதுற்றபோதெல்லாம் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துப் புதியதைச் சுற்றும் வேலை தொழிலாளியுடையது.

புக்கிட் செந்தோசாவில் நாம் உரையாடிய முதியவர் ஒருவர், தம் பணியைத் "தோட்ட வேலைதான்" என்றே முதலில் குறிப்பிட்டார். உரையாடல் நீண்டபோது, பால்வெட்டில் தொடங்கி, பின்னர் வேறொரு தோட்டத்து ஆலையில் கொதிகலன் பக்கம் பல ஆண்டுகள் இருந்ததைச் சொன்னார். குழாயில் சுற்றிய "வெள்ளைக் கயிறு" பொடிப்பொடியாக உதிரும் என்றும், வேலை முடிந்து வரும்போது சட்டை மாவு மில்லில் நின்றவனுடையதுபோல் இருக்கும் என்றும் கூறினார். அருகில் அமர்ந்திருந்த அவருடைய துணைவியார், "அதை நான்தானே துவைத்தேன்" என்றார். அக்கயிறு கல்நார்தானா என்பதை இன்று நாம் உறுதிப்படுத்த இயலாது. இருவரும் நலமாகவே உள்ளனர். எனினும், அவ்விருவருள் ஒருவர்க்கு நாளை மூச்சுத்திணறல் ஏற்படுமாயின், மருத்துவர் அறிய வேண்டிய செய்தி, "தோட்ட வேலை" என்பதன்று. அந்த வெள்ளைக் கயிறே ஆகும்.

தோட்ட மருத்துவம் பதிந்தவையும் பதியாதவையும்

மலாயாத் தோட்டங்களின் மருத்துவ வரலாறு சிறப்பாக எழுதப்பட்ட ஒன்றே. 1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக்கழகம் நிறுவப்பட்டது. கிள்ளான் வட்டாரத்தில் மால்கம் வாட்சன் 1901 முதல் மேற்கொண்ட மலேரியாத் தடுப்புப் பணி உலகப் புகழ் பெற்றது. தோட்ட மருத்துவமனைகளில் டிரெசர் என வழங்கப்பட்ட மருத்துவ உதவியாளர் காய்ச்சல், கொக்கிப்புழு, வயிற்றுப்போக்கு, காயம் ஆகியவற்றைப் பதிந்து வைத்தார். இந்நோய்கள் பதியப்பட்டமைக்கு மனிதநேயம் மட்டுமே காரணமன்று. மலேரியா கண்ட தொழிலாளி மறுநாள் பெரட்டுக்கு வரமாட்டார்; அன்றைய உற்பத்தி குறையும். நோய் நிருவாகத்தின் கணக்கில் உடனே தெரிந்தது.

கல்நாரால் விளையும் நோயோ அவ்வாறு தெரிவதன்று. நாரை மூச்சில் ஏற்ற நாளில் தொழிலாளி முழுக் கூலி பெற்று வீடு திரும்புகிறார். நோய் வெளிப்படும்போது அவர் ஓய்வு பெற்றிருப்பார்; ஆலை மூடப்பட்டிருக்கும்; தோட்டம் கைமாறியிருக்கும். எனவே, இந்நோய் தோட்ட மருத்துவமனையின் ஏட்டில் இடம்பெறுவதற்கான வாய்ப்பே இருக்கவில்லை. ஏட்டில் இல்லாமையை நோய் இல்லாமையாகக் கொள்வது வரலாற்றாசிரியர்க்கு ஏற்புடையதாகாது.

இடப்பெயர்வும் பதிவிழப்பும்

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் மலேசியத் தமிழர் வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்தார். துண்டாடலுக்கு எதிர்வினையாகத் துன் வீ.தி. சம்பந்தனின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் தோன்றியது. பின்னர் வந்த மேம்பாட்டுத் திட்டங்கள் தோட்டங்களை வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாற்றின. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் சொந்த வீட்டிற்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தமை நாடறிந்த செய்தி. அவற்றுள் புக்கிட் தாகார் என்னும் பெயர் இன்று பலருக்கும் குப்பை நிரப்பும் பெருநிலத்தையே நினைவூட்டுகிறது.

இவ்விடப்பெயர்வில் வீடும் கோயிலும் பள்ளியும் இழக்கப்பட்டமை பற்றி நாம் எழுதியும் பேசியும் வந்துள்ளோம். இழப்புப் பட்டியலில் நாம் சேர்க்கத் தவறியது கிராணியின் செக்ரோல் ஏடாகும். யார், எந்த நாளில், எந்த வேலையில் இருந்தார் என்பதற்கு அவ்வேடே சான்று. தோட்டம் கைமாறும்போது நிலப்பட்டா காப்பாற்றப்படுகிறது. கூலி ஏடு காப்பாற்றப்படுவதற்கு உறுதியில்லை. இவ்வாறு, தம் பணிக்குச் சான்றில்லாத ஒரு தலைமுறை நகர்ப்புற மருத்துவமனைகளின் வரிசையில் நிற்கிறது. முன்பு தோட்டத்து டிரெசர் நோயாளியின் பெயரையும் வேலையையும் அறிந்திருந்தார். இன்றைய மருத்துவர் அறிவிலும் கருவியிலும் பன்மடங்கு உயர்ந்தவர். ஆயினும், நோயாளி சொன்னாலன்றி அவர் வேலையை அறிய வழியில்லை.

பிற நாடுகளின் பாடம்

பதிவேட்டின் முக்கியத்துவத்தை இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவாக உணர்த்தியுள்ளது. நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27இல் வழங்கிய தீர்ப்பில், தொழிலாளியின் நலவாழ்வு உரிமை வாழ்வுரிமையின் பகுதி எனக் கூறிய நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் மருத்துவப் பதிவைப் பணி தொடங்கிய நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காக்குமாறு பணித்தது. பாதிக்கப்பட்டவராகக் கண்டறியப்படுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. போத்தனூரிலும் அரக்கோணத்திலும் கல்நார்ச் சிமெண்டுத் தொழிற்சாலைகளைக் கண்ட தமிழகத் தொழிலாளர்க்கும் இத்தீர்ப்பு உரியது. நோயின் மறைகாலத்தை உணர்ந்து சட்டம் தன் நினைவை நீட்டிக்கொண்ட அரிய சான்று இது.

இலங்கையின் பட்டறிவு வேறு வகையானது. 2018 முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி 2024க்குள் நிறுத்திவிட அந்நாடு முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு ஒன்று காணப்பட்டதாகக் கூறி, கல்நாரை இலங்கைக்கு விற்கும் ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாகத் தடுத்தது. சில நாள்களில் இலங்கை தன் கல்நார்க் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. தேயிலைத் தடையும் நீங்கியது. மலையகத் தமிழர் கொய்த கொழுந்து, அவர்கள் தலைக்குமேலுள்ள கூரையின் எதிர்காலத்தை முடிவு செய்யும் பேரப்பொருளாயிற்று எனலாம்.

மலேசியாவில் கல்நார்ச் செயல்முறை குறித்த விதிமுறைகள் 1986இல் வந்தன. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொழில்சார் நோய்களுக்கு இழப்பீட்டு வழியமைத்தது. ஆயின், இழப்பீடு கோரும் எவர்க்கும் முதலில் தேவைப்படுவது பணிச்சான்றே. செக்ரோல் ஏடு இல்லாதவரிடம் சட்டம் இருந்தும் பயன் குறைவு.

பணிவரலாறு சிகிச்சைக்கு எவ்வாறு உதவும்?

பணிவரலாறு மருந்தாகுமா என்று வினவலாம். நேரடியாக ஆகாது. எந்த மருந்து தருவது என்பதைத் தசையாய்வே முடிவு செய்கிறது. நோயின் உயிரணு வகை, பரவிய அளவு, நோயாளியின் உடல்வலு ஆகியவையே அங்கு கருதப்படும். பணிவரலாறு இல்லாமலும் திறமையான மருத்துவர் நோயைக் கண்டறிவதுண்டு. எனினும், மூன்று நிலைகளில் அதன் பயன் மறுக்க இயலாதது.

முதலாவது, ஐயம் எழும் நிலை. நம் நாட்டில் நுரையீரல் உறையில் நீர் கோத்தால் காசநோய் முதலில் கருதப்படுவது இயல்பு. அது பெரும்பாலும் சரியானதும்கூட. ஆனால் காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதம் நீளக்கூடியது. கிம்பர்லி நோயாளிகளுக்கு நேர்ந்ததுபோல், தவறான திசையில் அம்மாதங்கள் கழியலாம். "கொதிகலன் வேலை பார்த்தவர்" என்ற ஒரு வரி மருத்துவ அட்டையில் இருப்பின், மார்பறையினுள் நோக்கித் தசை எடுத்து ஆராயும் முடிவு முன்னதாக எடுக்கப்படலாம். இரண்டாவது, தேர்வு செய்யும் நிலை. உடல்வலு குன்றுமுன் நோயை அறிந்தவர்க்கே மருந்திணைப்பு, எதிர்ப்பாற்றல் சிகிச்சை, ஆய்வுகளில் சேர்தல் ஆகிய வழிகள் திறந்திருக்கும். புத்ராஜெயாவில் 2013இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கழகம் போன்ற பொது நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் அனுப்பப்படுவதும் இதனையே பொறுத்தது. மூன்றாவது, குடும்பத்தின் நிலை. ஒருவரின் நோய்க்குக் காரணம் தெரிந்தால், உடன் பணிபுரிந்தோரும் உடை துவைத்தோரும் தம் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல முடியும்.

முடிவுரை

கல்நார்ப் புற்றுநோயின் சிகிச்சை வரலாறு, பேரறுவையில் நம்பிக்கை வைத்துத் தொடங்கி, மருந்துகளாலும் எதிர்ப்பாற்றல் சிகிச்சையாலும் மாதக்கணக்கில் வாழ்நாளை மீட்டெடுத்த வரலாறாகும். அம்மாதங்கள் நம் தோட்டப்புற முதியோர்க்கும் கிட்ட வேண்டுமாயின், அவர்கள் பணிவரலாறு எழுத்தில் இருத்தல் வேண்டும். இப்பணியை மருத்துவத் துறை தனித்துச் செய்ய இயலாது. முதியோரின் மொழியையும் தோட்டத்துச் சொல்வழக்கையும் அறிந்தவர் நாமே.

ஆகவே, தமிழாசிரியர்களிடம் ஒரு கருத்தை முன்வைக்கிறோம். வாய்மொழி வரலாறு திரட்டும் மாணவர்களிடம், தாத்தா பாட்டியின் திருவிழா நினைவுகளோடு சில வினாக்களையும் சேர்த்துக் கேட்கச் சொல்லலாம். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, ஒவ்வோர் ஆண்டும் கையில் என்ன கருவி இருந்தது, ஆலையிலோ பட்டறையிலோ நின்றதுண்டா, கூரைத் தகட்டை அறுத்ததுண்டா, எத்தகைய தூசு சட்டையில் படிந்தது, அதைத் துவைத்தவர் யார்? விடைகளை ஒரே தாளில் எழுதி, அதன் மலாய் வடிவத்தையும் இணைத்து, முதியவரின் மருத்துவ அட்டையோடு வைத்துவிடலாம். படி ஒன்றைப் பள்ளி நூலகமோ பல்கலைக்கழகத் துறையோ முதியவரின் இசைவோடு காத்தால், அது நாளைய ஆய்வாளர்க்கும் மூலமாகும்.

தென்னமரம் தோட்டம் நிறுவப்பட்டு நூறாண்டுகள் கடந்துவிட்டன. அத்தோட்டங்களில் உழைத்தோரின் கடைசித் தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது. "தோட்ட வேலை" என்னும் விடையோடு நிறுத்திக்கொள்ளாமல், அடுத்த வினாவையும் கேட்பது நம் துறையின் கடமை என்பதே இக்கட்டுரையின் துணிபு.